மஞ்சக்குப்பம் லாட்ஜ்: சாமான் பட்டியல்

ஏழு பேர் வேண்டும் என்கிறது சட்டம்.
ஆறு பேர் இருந்தோம்
கடலை மண்டிக்கு மேலே, மாடியில்,
பலகை இடுக்கு வழியே
மூட்டை வாசனை ஏறி வர.
ஏழாவது ஆள் ரயில்வே கார்டு ரொசாரியோ.
விழுப்புரம் பாசஞ்சர் அன்றைக்கென்று
நெல்லிக்குப்பத்தில் நின்றுவிட்டது.
ஒன்பதே காலுக்கு வந்தார்,
யூனிபாரத்தோடு, பச்சைக் கொடியும் கையுமாக.
குறிப்பேட்டில் எழுதினேன்:
‘கூட்டம் மாலை ஏழு மணிக்குத் தொடங்கியது.’
செயலாளராக என் முதல் பொய்.

சென்னையிலிருந்து வரவேண்டிய பெட்டி வரவில்லை.
வாசல் காப்பவருக்கு வாள் வேண்டும்.
கூத்து ஜமாவில் வாடகைக்கு எடுத்தோம்,
துச்சாதனன் வைத்திருந்தது. தொட்டால் ஜிகினா உதிரும்.
கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை வேண்டும்.
சினிமா போர்டு எழுதுகிறவன் படுதாவில் வரைந்தான்.
ஒரு வரிசை கூடிப்போய்
ஓரத்தை மடித்து ஆணி அடித்தோம்.
கீதை, வக்கீல் பட்டாபிராமன் வீட்டுடையது.
குர்ஆனைப் பட்டுத்துணியில் சுற்றி
மடியில் வைத்தே வண்டியில் வந்தார் ஹபீப் மரைக்காயர்.
பைபிள், ரொசாரியோ வந்தால்தான்.

மூலைமட்டம், ரசமட்டம், தூக்குக்குண்டு?
ஒரு செங்கல் எடுத்து வைத்தறியாத
கொத்தர்கள் நாங்கள்.
கெடிலக்கரையில் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தான் பாவாடை.
“ராத்திரியிலயா கட்டடம்?”
“ஒரு மாதிரிக் கட்டடம்” என்றேன்.
சுண்ணாம்பு காய்ந்த நூலோடு கொடுத்தான்.
“வெடிஞ்சா வேணும்.”
மாதம் ஒரு ராத்திரி, நாலு வருஷம்,
இப்படித்தான் நடந்தது.

ஊர் சும்மா இருக்குமா?
தலைவெட்டிக் கோயில் என்றது.
மண்டிக்காரர் எலி அடித்த ரத்தம்
படியில் கிடந்தது, சாட்சிக்கு.
வதந்தி அடங்கட்டுமென்று
‘லாட்ஜ்’ என்று பலகை மாட்டினோம்.
திருவந்திபுரம் முகூர்த்தத்துக்கு வந்த கூட்டம்
பெட்டி படுக்கையோடு படியேறி
ரூம் என்ன வாடகை என்றது.

புயல் வருஷம் எங்கள் ஓடு பறந்தது.
தேவனாம்பட்டினத்தில் பதினோரு நாள் கஞ்சி ஊற்றினோம்.
அரிசிக் கணக்கை மரைக்காயர் கடைசிவரை காட்டவில்லை.
பிறகுதான் ஆட்கள் வந்தார்கள்:
தாசில்தார், பல் டாக்டர், சர்க்கரை ஆலை எஞ்சினியர்.
ஏழு பதினெட்டாகி
பதினெட்டு முப்பத்தொன்றானது.

கூரை வேய்ந்தவன் பாவாடை.
மேலே உட்கார்ந்து கட்டம் போட்ட தரையை
எவ்வளவு நேரம் பார்த்தானோ,
இறங்கி வந்து கேட்டான்,
“நான் சேரலாமா சார்?”

மரைக்காயர் முன்மொழிந்தார். பெட்டி சுற்றி வந்தது.
சம்மதத்துக்கு மொச்சை,
மறுப்புக்குப் புளியங்கொட்டை.
இருட்டுக்குள் கையை விட்டாலும்
எது எதென்று விரலுக்குத் தெரியும்.

முப்பது மொச்சை. ஒரு கொட்டை.
யாரென்று கேட்கக் கூடாது, சட்டம்.
யாரும் கேட்கவில்லை.

என் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில்
அவனுக்கு நாற்பது ரூபாய் பாக்கி.
உள்ளே எல்லோரும் ஒரே மட்டம் என்கிறோம்.
கை கொடுத்து, சகோதரா என்று அழைத்து,
அந்த நாற்பதை
எந்தப் பையில் வைத்துக்கொள்வேன்?
‘தேர்வாகவில்லை’ என்று எழுதினேன்.
அது பொய்யில்லை.

அடுத்த மாதமே சென்னைப் பெட்டி வந்தது.
ஊதா வெல்வெட்டில் வெள்ளி முலாம் கருவிகள்,
ஒன்றிலும் சுண்ணாம்பில்லை.
மூலைமட்டமும் ரசமட்டமும்
ஒரு கவரில் நாற்பது ரூபாயும் கொடுத்தனுப்பினேன்.
எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்,
ஒன்றும் சொல்லவில்லையாம்.
தூக்குக்குண்டை மட்டும் நான் அனுப்பவில்லை.
ஒருநாள் யாரும் பார்க்காதபோது
என் சுவரில் பிடித்துப் பார்த்தேன்.
நூல் பிசகவில்லை.

வருஷா வருஷம் சாமான் பட்டியல் எழுதுகிறேன்.
வாள், ஒன்று.
படுதா, ஒன்று, மடிப்பில் கிழிசல்.
பெட்டி, ஒன்று. மொச்சை புழு அரித்து மாற்றப்பட்டது.
தூக்குக்குண்டு, பித்தளை, ஒன்று. இரவல்.
கொடுத்தவர்:
கொத்தனார் பாவாடை அவர்கள்.